இடுப்பு பிடித்துக்கொண்டால் படுத்தே கிடக்காதீர்கள்

குனிந்து எதையோ தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்துக்கொண்டால், பலரும் உடனே படுத்துவிடுகிறார்கள். நிமிரவே முடியாத வலி என்றால் ஓரிரு நாள் படுக்கலாம். அதற்கு மேல் படுத்தால் தசைகள் இறுகிவிடும், எழுந்து நடக்கவே பயம் வந்துவிடும். சாதாரண முதுகுப் பிடிப்பு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தணிந்துவிடும். அதுவரை வலி பொறுக்கும் அளவுக்கு, ஐந்து பத்து நிமிடங்களாகப் பிரித்து நடந்துகொண்டே இருங்கள்.

படுக்கையிலிருந்து எழும் முறையை மாற்றினாலே பாதி அவஸ்தை குறையும். மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழுந்து உட்காராதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களியுங்கள். கால்களை வெளியே தொங்கவிட்டுக்கொண்டே கையை ஊன்றி எழுங்கள். இரவில் முதுகெலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் உள்ள டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அதனால் விழித்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவதும் பாரம் தூக்குவதும் வேண்டாம்.

வெந்நீர்ப் பை ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் போதும். அடிபட்டு வீங்கியிருந்தால் முதல் இரண்டு நாள் ஐஸ், அதுவும் துணியில் சுற்றித்தான். வலி நிவாரண ஜெல் தடவிய இடத்தின் மேல் வெந்நீர்ப் பையை வைத்தால் தோல் வெந்துவிடக்கூடும். சர்க்கரை நோயால் உணர்ச்சி மங்கியவர்களுக்குச் சூடு தெரியாது, அவர்கள் தனியாக ஒத்தடம் கொடுத்துக்கொள்ளக் கூடாது.

இடுப்புக்கு முதல் பயிற்சி எளிது. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து, இடுப்புக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி மறையும்படி அழுத்துங்கள். 5 விநாடி வைத்திருந்து விடுங்கள், 10 முறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாதத்தால் தரையை உதைத்துச் செய்தால் வயிற்றுத் தசை வேலையே செய்யாது. கவனிக்க வேண்டியது வலி போகும் திசை. காலில் இருந்த வலி மேலேறி இடுப்புக்குள் ஒடுங்கினால் நல்லது, இடுப்பு சற்றுக் கூடுதலாக வலித்தாலும் பரவாயில்லை. தொடை, கெண்டைக்கால் என்று கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிடுங்கள்.

கழுத்துக்கு வருவோம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. செல்போனுக்காக அதை முன்னே நீட்டி வைத்திருந்தால் பிடரித் தசைகள் மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்காருங்கள். பார்வை நகராமல், இரட்டைத் தாடை விழும்படி மோவாயை நேர் பின்னால் இழுங்கள். மண்டையோட்டின் அடியில் மெல்லிய இழுப்பு தெரியும். அங்கே 5 விநாடி, 10 முறை, நாளுக்கு மூன்று நான்கு தடவை. இதில் எல்லாரும் செய்யும் தவறு தலையைக் குனிவது. புள்ளி பார்வையில் மேலே போய்விட்டால் குனிந்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தலையணை உயரம் கழுத்துக்கும் தோள் நுனிக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப வேண்டும், முழங்கால்களுக்கிடையே இன்னொன்று. மல்லாந்து படுப்பவர்களுக்கு மெல்லியது போதும், முழங்காலுக்கு அடியில் ஒன்று வைத்தால் இடுப்புக்கு இதம். குப்புறப் படுப்பது கழுத்தை இரவு முழுக்க முறுக்கி வைப்பதுதான்.

கழுத்தை மட்டும் யாரிடமும் கொடுத்துச் சொடக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அரிதாகத்தான், ஆனால் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போவதுண்டு.

கீழே விழுந்தபின் வந்த வலி, காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ சேர்ந்த வலி, கை கால் பலம் குறைவது ஆகியவை வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல, மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் நின்றாலோ, சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் போனாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.