கொலை கேஸ் ப்ராப்ளம் கேள்வில 20க்கு 7 வாங்குன கதை

ஏற்காட்டுல ஒரு காபி எஸ்டேட், மிளகுக்கொடி தகராறு, ஒருத்தன் தடியோட வந்து அடிக்கிறான், கவாத்து பண்ணிட்டு இருந்தவன் கையில இருந்த கத்தியால ரெண்டு குத்து, ஒண்ணு வயித்துல, இன்னொண்ணு முதுகுல. வந்தவன் செத்துட்டான். கொலையா தற்காப்பா, இதான் லா எக்ஸாம்ல வந்த கேள்வி. நான் மூணு பக்கம் செக்‌ஷனா எழுதி ரொப்பிட்டு "ஆகவே தற்காப்பு"ன்னு முடிச்சேன். 20க்கு 7.

சேலம் கோர்ட்ல ப்ராக்டிஸ் பண்ற அக்கா ஒருத்தங்க பேப்பர பாத்துட்டு, "புக்க மூடு கண்ணு, ஒரு கொலை கேஸ்ல டாக்டர் சாட்சி சொல்ற அன்னிக்கு அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வா"ன்னாங்க. போனேன். டிஃபன்ஸ் வக்கீல் கிராஸ்ல, அதாவது குறுக்கு விசாரணைல, எண்ணம் கிண்ணம்னு எதுவுமே கேக்கல, அக்யூஸ்டோட ஏ.ஆர். காப்பிய (ஆஸ்பத்திரில காயத்த பதிவு பண்ற ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) காட்டி அவர் உடம்புல என்ன காயம்னு மட்டும் கேட்டாரு. டாக்டர் பேப்பர புரட்டி இடது முன்கையில எலும்பு முறிவுன்னாரு. முன்கை! அடி விழும்போது நாம கைய எப்படி தூக்குவோம்னு நெனச்சு பாருங்க, எனக்கு அங்கயே புரிஞ்சுது. அந்தக் காயம் எப்படி வந்துச்சுன்னு கேஸ விசாரிச்ச போலீஸ் அதிகாரி ஐ.ஓ.கிட்ட பதிலே இல்ல. அக்யூஸ்டுக்கு இருக்குற பெரிய காயத்துக்கு பிராசிக்யூஷன் விளக்கம் சொல்லலைன்னா அவங்க கதையே சந்தேகத்துக்கு உள்ளாகும்னு 1976 லட்சுமி சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. சின்ன சிராய்ப்புக்கெல்லாம் இது செல்லாது, அதையும் சேத்து எழுதுங்க.

எண்ணமும் அப்படித்தான், மண்டைய தொறந்து யாரும் பாக்க முடியாது. என்ன ஆயுதம், வீட்டுலருந்து கொண்டு வந்ததா வேலைக்கு வச்சிருந்ததா, எந்த இடத்துல குத்து, எவ்ளோ ஆழம், எத்தன தடவ, இத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். 1958 விர்சா சிங் கேஸ்ல ஒரே ஒரு ஈட்டிக் குத்துதான், வயித்துல. சாகடிக்கணும்னு நெனச்சானாங்கறது முக்கியமில்ல, அந்தக் காயத்த வேணும்னே உண்டாக்குனானா, அது சாதாரணமா சாவு வர்ற அளவு காயமா, அவ்ளோதான் பாக்கணும்னாங்க. மோட்டிவ் வேற இது வேற, மிளகுக்கொடி சண்டை மோட்டிவ் மட்டும்தான்.

தற்காப்ப நிரூபிக்கற பொறுப்பு அக்யூஸ்டுக்குத்தான், பழைய எவிடன்ஸ் ஆக்ட் 105, இப்ப அதுக்கு பதிலா வந்த பி.எஸ்.ஏ. (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 108. ஆனா பிராசிக்யூஷன் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேணாம், "இப்படித்தான் நடந்திருக்கும் போல"ன்னு தோணுற அளவு போதும். அவரு வாயத் தொறந்து தற்காப்புன்னு சொல்லலைன்னாகூட எதிர்தரப்பு சாட்சிலருந்தே எடுத்துக்கலாம், 1968 முன்ஷி ராம் கேஸ். இத எழுதுனவங்க எங்க க்ளாஸ்ல ரெண்டே பேரு.

இப்ப அந்த எஸ்டேட் கேஸுக்கு வாங்க. முதல் குத்து, தடியடி விழுந்துட்டு இருக்கும்போது முன்னால விழுந்தது, பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 38ல, அதாவது தற்காப்புல சாவு வர்ற வரைக்கும் போகலாம்ங்கற பிரிவுல, சேரும். ரெண்டாவது முதுகுல, அவன் திரும்பி ஓடும்போதா? பயம் இருக்குற வரைக்கும்தான் உரிமை, அது 40வது பிரிவு. ஓடுறவன குத்துனா உரிமையே முடிஞ்சு போச்சு, அப்ப "உரிமைய மீறிட்டான்"னு கொலை பிரிவு 101ல ரெண்டாவது விதிவிலக்க கேக்கறதே கஷ்டம், திடீர் சண்டைன்னு நாலாவத முயற்சி பண்ணலாம், அதுவும் கொடூரமா நடந்துக்கலைன்னாதான். அப்புறம் சாவு எந்தக் குத்தால வந்துச்சு? போஸ்ட்மார்ட்டம் டாக்டர் வயித்துக் காயம்தான்னு சொல்லிட்டா மொத்த கேஸும் வேற பக்கம் திரும்பிடும். நான் இதுல ஒரு வரி கூட எழுதல.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த சம்பவம்னா ஐ.பி.சி.தான், அதனால கோர்ட்ல இன்னும் 302 (கொலை), 304 (கொலையாகாத மரணம்)ன்னுதான் காதுல விழும், கொழம்பாதீங்க. நீங்களும் கோர்ட்டுக்கு போனா, பத்தரைக்கு முன்னாடியே போய் பின் பெஞ்சுல உக்காந்துக்கங்க, போன ஆஃப் பண்ணிடுங்க, என்னோடது ஒரு தடவ அடிச்சு பெஞ்ச் க்ளார்க் மொறச்ச மொற இன்னும் கண்ணுலயே இருக்கு.