பழைய ஹாசல்பிளாடுக்கு டிஜிட்டல் பேக்: முதலில் சோதிக்க வேண்டியது கேமராவைத்தான்

மீடியம் ஃபார்மட் (35 எம்எம்மைவிடப் பெரிய ஃபிலிமில் படமெடுக்கும்) ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள் டிஜிட்டல் பேக், அதாவது ஃபிலிம் பெட்டிக்குப் பதிலாகக் கேமராவின் பின்னால் மாட்டும் சென்சர் கருவி, வாங்க நினைக்கும்போது, அது எத்தனை மெகாபிக்சல் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஹாசல்பிளாட் 500சி/எம் கேமராவில் ஃபிலிமையும் டிஜிட்டல் பேக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவைக்கும்படி கேட்டுக்கொள்வேன். சென்சர் எவ்வளவு பெரியது, கேமராவின் ஃபோகஸ் எந்த அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் மெகாபிக்சலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

எல்லா மீடியம் ஃபார்மட் கேமராக்களிலும் டிஜிட்டல் பேக்கை மாட்ட முடியாது. ஃபிலிம் இருக்கும் பெட்டி தனியாகக் கழன்று வரவேண்டும். இரட்டை லென்ஸ் ரோலிஃபிளெக்ஸிலும் பென்டாக்ஸ் 67இலும் அது கழலாது. அவற்றை ஃபிலிமோடுதான் பயன்படுத்த வேண்டும். மமியா ஆர்பி67, ஆர்இசட்67 போன்றவற்றில் இடையில் ஒரு அடாப்டர் தகட்டைப் பொருத்தினால் மாட்டலாம். ஹாசல்பிளாடின் 500 வரிசை இதில் கொடுத்து வைத்தது. 1957இல் 500சி வெளிவந்த நாள் முதல் லென்ஸ், உடல், வ்யூஃபைண்டர், பேக் என எல்லாமே தனித்தனியாகக் கழலும் அமைப்பு அதற்கு உண்டு. கீழே இரண்டு கொக்கிகளில் அமர்த்தி, மேலே அழுத்தினால் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் அந்த முறை, 2013இல் 503சிடபிள்யூ உற்பத்தி நிற்கும்வரை மாறவில்லை. அதனால்தான் 2024இல் வந்த சிஎஃப்வி 100சி என்ற 100 மெகாபிக்சல் பேக்கைக்கூட, எங்கள் அப்பாக்கள் காலத்துக் கேமராவில் இன்றைக்கும் மாட்ட முடிகிறது.

500சி/எம் கேமராவில் பேட்டரியோ மின்தொடர்போ கிடையாது. ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் லென்ஸின் ஷட்டர் மூடுகிறது, பிம்பத்தை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி மேலே எழுகிறது, பின்பக்கத்தின் இரண்டு கதவுகள் திறக்கின்றன, அதன் பிறகே ஷட்டர் திறந்து மூடிப் படத்தைப் பதிக்கிறது. ஹாசல்பிளாட் நிறுவனத்தின் சிஎஃப்வி பேக்குகள் இந்த இயந்திர அசைவையே உணர்ந்து விழித்துக்கொள்வதால் இதற்குக் கம்பி தேவையில்லை. ஃபேஸ் ஒன் என்ற வேறு நிறுவனத்தின் பி வரிசை பேக்குகளுக்கோ, லென்ஸிலுள்ள ஃபிளாஷ் முனையிலிருந்து பேக்குக்கு ஒரு சிறு சிங்க் கம்பி போகவேண்டும். அந்தக் கம்பி தளர்ந்திருந்தால் ஷட்டர் சத்தம் மட்டும் கேட்கும், படம் பதியாது. பழைய பேக்கை வாங்குகிறவர்கள் கம்பியையும் சேர்த்துக் கேட்டு வாங்குவது நல்லது. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் பின்கதவுகள் மூடிவிடும் என்பதால், மெதுவான ஷட்டர் வேகங்களில் படம் பதிந்து முடியும்வரை பொத்தானை விடக்கூடாது.

இனி சென்சரின் அளவு. 6x6 (சென்டிமீட்டர்) எனப்படும் சதுர ஃபிலிமில் படம் பதியும் பரப்பு ஏறத்தாழ 56க்கு 56 மில்லிமீட்டர். அந்த முழுச் சதுரத்தையும் நிரப்பும் டிஜிட்டல் பேக் சந்தையில் கிடையாது. இப்போது பரவலாகப் பேசப்படும் சிஎஃப்வி II 50சி, சிஎஃப்வி 100சி இரண்டிலும் சென்சர் 44க்கு 33 மில்லிமீட்டர் அளவிலான செவ்வகம். 2008இல் வந்த ஃபேஸ் ஒன் பி65+ பேக்கின் சென்சர் ஏறக்குறைய 54க்கு 40 மில்லிமீட்டர். முதல் தலைமுறை சிஎஃப்வியின் 16 மெகாபிக்சல் சென்சரோ 36.7 மில்லிமீட்டர் சதுரம். இந்த எண்கள் லென்ஸின் குணத்தையே மாற்றிவிடுகின்றன. ஃபிலிமில் இயல்பான பார்வையைத் தரும் 80 எம்எம் பிளானார் லென்ஸ், 44க்கு 33 சென்சரில் 35 எம்எம் கேமராவின் 63 எம்எம் லென்ஸைப்போல நடந்துகொள்கிறது. 50 எம்எம் டிஸ்டகான் லென்ஸ் அகன்ற பார்வையை இழந்து, கிட்டத்தட்ட 40 எம்எம் லென்ஸாகிவிடுகிறது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் ஐந்தடிப்பாதையில் (கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட நடைபாதையில்) நின்று எதிர்வரிசைக் கடைவீட்டின் முகப்பை முழுவதும் எடுக்கப் பழகியவர், டிஜிட்டல் பேக்கை மாட்டிய பிறகு பின்னால் நகர இடமில்லாமல் நின்றுவிடுவார். உருவப்படம் எடுப்பவருக்கோ இதில் நட்டம் ஒன்றுமில்லை.

செவ்வகச் சென்சரில் இன்னொரு சிக்கலும் உண்டு. இடுப்பளவில் வைத்து மேலிருந்து பார்க்கும் வ்யூஃபைண்டரோடு, நெட்டைப் படம் எடுக்கக் கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்தால் படம் தலைகீழாகத் தெரிந்து வேலையே ஓடாது; பிரிசம் வ்யூஃபைண்டர் தேவைப்படும். சதுரச் சென்சருக்கு இந்தத் தொல்லை இல்லை. 500 வரிசை சதுரத்துக்காகவே செய்யப்பட்ட கேமரா என்பதால், 16 மெகாபிக்சல் மட்டுமே கொண்ட அந்தப் பழைய சதுரப் பேக்கைத்தான் உருவப்படங்களுக்கு நான் இன்றும் விரும்பி மாட்டுகிறேன். அதில் ஒவ்வொரு பிக்சலும் 9 மைக்ரான் அகலம். கார்ல் சைஸ் (Zeiss) நிறுவனத்தின் பழைய லென்ஸ்கள் அந்த அளவுக்குத் தாராளமாக ஈடுகொடுக்கின்றன.

ஃபோகஸ்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். நாம் ஃபோகஸ் செய்வது கண்ணாடி வழியாகத் திரையில் விழும் பிம்பத்தைப் பார்த்து. படம் பதிவதோ பின்னால் இருக்கும் சென்சரில். லென்ஸிலிருந்து திரைக்குள்ள தூரமும் சென்சருக்குள்ள தூரமும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிலிம் முழுத்தட்டையாக நிற்பதில்லை, சற்றே வளைந்துதான் நிற்கும். நாமும் அதை ஓரளவுக்குமேல் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. அதனால் சிறு பிசகுகள் வெளியே தெரியாமல் போயின. சென்சர் முற்றிலும் தட்டையானது. கணினித் திரையில் அதன் படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்க்கிறோம். எஃப்/2.8இல், அதாவது லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து படமெடுத்து, 0.01 மில்லிமீட்டர் வட்டத்துக்கு மேல் மங்கக்கூடாது என்று எதிர்பார்த்தால், முன்னும் பின்னும் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவான பிசகைத்தான் தாங்க முடியும். அரை நூற்றாண்டு பழமையான உடலில் அந்தத் துல்லியம் தானாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பெரும்பாலும் பிசகுவது கண்ணாடிதான். அதன் கீழே தாங்கலாக வைக்கப்பட்டிருக்கும் நுரைப்பஞ்சு நாளடைவில் நொறுங்கிப் பிசுபிசுத்துப்போகிறது. கண்ணாடி மயிரிழை கீழே இறங்குகிறது. திரையில் கூர்மையாகத் தெரிந்த கண்ணுக்குப் பதிலாகப் படத்தில் காது கூர்மையாக வருகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. முக்காலியில் கேமராவை வைத்து, ஓர் இரும்பு அளவுகோலை 45 பாகைச் சாய்வில் நிறுத்தி, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, நடுவிலுள்ள ஒரு கோட்டில் உருப்பெருக்கியின் உதவியோடு ஃபோகஸ் செய்து எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் வளையத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்து, சில படங்கள் எடுக்க வேண்டும். எல்லாப் படங்களிலும் கூர்மை ஒரே திசையில் தள்ளி விழுந்தால் குறை கேமராவில். முன்னும் பின்னுமாகச் சிதறி விழுந்தால் குறை நம் கண்ணில் அல்லது மங்கிய திரையில். முதல் வகையைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் வகைக்கு ஹாசல்பிளாடின் பிரகாசமான அக்யூட்-மேட் ஃபோகஸ் திரை நல்ல மருந்து. லைவ் வ்யூ உள்ள புதிய பேக்குகளில், லென்ஸைத் திறந்தபடி நிறுத்தி, பேக்கின் திரையிலேயே பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்யலாம்; முக்காலியில் வைத்துச் செய்யும் வேலைகளுக்கு அது போதும். கையில் பிடித்து மனிதர்களை எடுப்பதற்கு, உடலைச் சரிசெய்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஃபிலிமில் பழகிய சில கணக்குகளையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எல்லாம் கூர்மையாக வரவேண்டும் என்று லென்ஸின் துளையை எஃப்/16, எஃப்/22 வரை மூடுவது பழைய வழக்கம். எஃப்/16இல் ஒளிப்புள்ளி ஒன்று விளிம்பு விலகலால் (சிறு துளை வழியே போகும் ஒளி விரிவதால்) ஏறத்தாழ 21 மைக்ரான் அகலத்துக்குப் பரவிவிடும். 50 மெகாபிக்சல் சென்சரின் பிக்சலோ 5.3 மைக்ரான், 100 மெகாபிக்சலில் 3.76 மைக்ரான். அவ்வளவு மூடினால், கொடுத்த காசுக்கு வாங்கிய நுணுக்கமெல்லாம் வீணாகிறது. நான் எஃப்/11க்கு மேல் மூடுவதில்லை.

நெகட்டிவ் ஃபிலிமில் நிழலுக்கு ஒளியளந்தால் போதும், வெளிச்சப் பகுதி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். என் 16 மெகாபிக்சல் பேக்கில் இருப்பது போன்ற, சிசிடி என்னும் பழைய வகைச் சென்சரில் நேர்மாறு. பொங்கல் சமயத்தில் கேம்பல் லேனில் பட்டுப்புடவையும் தலைநிறைய மல்லிகையுமாக நின்ற என் பெரியம்மாவை எடுத்தபோது ஒளியளவை மல்லிகைக்குத்தான் வைத்தேன். பூவின் வெண்மை ஒருமுறை எரிந்துபோனால் எந்த மென்பொருளாலும் இதழ்களை மீட்க முடியாது. கருங்கூந்தலின் இருட்டை மேலே தூக்கிக்கொள்ளலாம். அந்தப் படத்தில் கூந்தலின் இழைகளும், மொட்டுகளைச் சேர்த்துக் கட்டிய நாரும்கூடத் தெரிகின்றன. ஆனால் புடவையின் உடல்பகுதியில், இல்லாத பச்சையும் ஊதாவுமாக அலைகள் ஓடின. இத்தகைய பேக்குகளில் கூர்மையைச் சற்றே குறைத்து இதைத் தடுக்கும் வடிகட்டி கிடையாது என்பதால், பட்டின் நெருக்கமான இழைகள் பிக்சல் வரிசையோடு மோதி மொய்ரே என்னும் இந்தக் கோலத்தை உண்டாக்குகின்றன. ஓரடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொள்வதே நல்ல தீர்வு. பட்டுப்புடவை இருக்கும் இடத்தில் நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

சிங்கப்பூரின் வெப்பமும் ஈரமும் இந்தக் கருவிகளுக்குப் பகை. சென்சரின் சூடு ஏறத்தாழ 6 முதல் 8 பாகை செல்சியஸ் கூடும்போதெல்லாம் ஒளியே இல்லாமல் உண்டாகும் இரைச்சல் (படத்தில் புள்ளிகளாகத் தெரிவது) இருமடங்காகிறது. அதனால் பழைய சிசிடி பேக்கை வெயிலில் தொங்கவிட்டுக்கொண்டு அலையக்கூடாது. நிழலில், பையில் வைத்திருந்து, எடுக்கும்போது மட்டும் வெளியே எடுக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸிலும் திரையிலும் நீர் படியும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்திருந்து பிறகு திறப்பது நல்லது. வீட்டில் உலர்பெட்டி இல்லாமல் பழைய லென்ஸ் வைத்திருப்பது பூஞ்சைக்கு அழைப்பு விடுப்பதாகும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் பேக்கையும் அதிலேயே வைக்கலாம். நொறுங்கிய பஞ்சின் துகள் ஃபிலிமில் விழுந்தால் அடுத்த படத்தோடு நகர்ந்து போய்விடும், சென்சரில் விழுந்தால் துடைக்கும்வரை எல்லாப் படங்களிலும் இருக்கும். இதற்காகவும் உடலின் உட்புறத்தை முதலில் சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

பெனின்சுலா கடைத்தொகுதியிலோ, வேறெங்கோ பழைய பேக்கைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், உங்கள் கேமரா உடலையும் கொண்டு செல்லுங்கள். மாட்டி, லென்ஸை மூடி ஒரு படமும், வெண்சுவரைப் பார்த்து ஒரு படமும் எடுத்து, கணினியில் திறந்து கோடுகளும் கறைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிஎஃப்வி-16, 39 போன்றவை சோனி எல் வகை பேட்டரியில் ஓடுவதால் பேட்டரி இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. நினைவக அட்டை மட்டும் காம்பாக்ட் ஃபிளாஷ் வகை. கோயிலுக்குள் விளக்கொளியில் எடுக்க வேண்டும், லைவ் வ்யூ வேண்டும் என்பவர்கள் சிமாஸ் என்னும் புதிய வகைச் சென்சர் உள்ள சிஎஃப்வி-50சி அல்லது அதற்குப் பிந்தையவற்றையே பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400ஓடு நின்றுவிடும் பழைய சிசிடி அங்கே உதவாது. பகல் வெளிச்சத்திலும் ஃபிளாஷ் ஒளியிலும் மனிதர்களை எடுப்பவர்களுக்குச் சதுர சிசிடி போதும். மிச்சமாகும் பணத்தில் உடலையும் திரையையும் சரிபார்த்துக்கொண்டு, ஒரு ஃபிலிம் பேக்கில் 120 வகை ஃபிலிம் ரோல் ஒன்றையும் போட்டுப் பையில் வைத்துக்கொள்ளலாம்.