தென்னைக்கு அடியில் ஜாதிக்காய்: ஆனைமலைத் தோப்புகளில் கேட்டவை

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர் வழியாகச் சேத்துமடை செல்லும் சாலையில், பேருந்து ஜன்னலோரம் அமர்ந்து பார்த்தால் இருபுறமும் தென்னையைத் தவிர வேறு பயிரே இல்லை என்றுதான் தோன்றும். இறங்கித் தோப்புக்குள் நடந்தால், ஒரு தோப்பில் தென்னைகளுக்கு நடுவே கோகோவும் ஜாதிக்காயும் நிற்க, மிளகுக்கொடி மரத்தைப் பற்றி ஏறியிருக்க, அடுத்த தோப்பில் வெறும் மண் உழுது கிடக்கிறது. ஒரே மண், ஒரே கால்வாய்த் தண்ணீர். ஒருவர் வைத்ததை மற்றவர் ஏன் வைக்கவில்லை என்று கேட்டறியவே ஆனி மாதச் சாரலில் அங்கே சென்றிருந்தேன்.

ஊடுபயிருக்கான கணக்கு எளிதானது. 25 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 70 மரங்கள். வளர்ந்த தென்னையின் வேர்களில் பெரும்பகுதி தண்டைச் சுற்றி 2 மீட்டர் தூரத்துக்குள்ளேயே இயங்குவதால், நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு மரத்துக்குப் பயன்படாமல் கிடக்கிறது. ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் கணக்கு விவசாயிகளுக்குப் புதிதும் அல்ல. ஆனால் தாத்தா காலத்தில் நெருக்கி நட்ட தோப்புகளில் வெயில் தரையைத் தொடுவதே அரிது. அங்கே எதை நட்டாலும் ஒல்லியாக நெட்டி வளர்ந்து நின்றுவிடும் என்றார்கள்.

ஜாதிக்காய் வைத்திருக்கும் ஒருவரின் தோப்பில் நெடுநேரம் இருந்தேன். பழுத்த காய் தானாக வெடித்து, உள்ளே கருநிறக் கொட்டையைச் சுற்றி வலைபோலச் செக்கச் சிவந்த ஜாதிபத்திரி தெரிய, ஈரச் சருகின் மேல் விழுந்து கிடந்தது. விழுந்ததை அன்றன்றே பொறுக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி குனிந்து பொறுக்கினார். பத்திரியைக் கிழியாமல் உரித்து முறத்தில் பரப்பிய அவர், காய் அதிகம் விழுவதே இந்த மழைக்காலத்தில்தான் என்றும், வெயில் இல்லாத நாளில் அதைக் காயவைப்பதுதான் பெரும்பாடு என்றும் சொன்னார். விதைக்கன்று நட்டால் ஆணா பெண்ணா என்பது பல ஆண்டுகள் கழித்துப் பூக்கும்போதுதான் தெரியும். ஆண் மரம் காய்க்காது. அதனால் ஒட்டுக்கன்றுதான் வாங்க வேண்டும் என்பது அவர்களின் உறுதியான கருத்து.

பக்கத்துத் தோப்புக்காரரிடம் பேசியபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஊடுபயிரில் வருமானம் உண்டு என்பதை அவர் மறுக்கவே இல்லை. "தென்னைன்னா நாப்பத்தஞ்சு நாளைக்கு ஒருக்கா வெட்டுக்கு வந்தாப் போதுமுங்க. இது தெனமும் ஆளக் கேக்குமுங்க" என்றார். பிள்ளைகள் கோவையில் வேலையில் இருக்கிறார்கள். சாளை எனப்படும் தோட்டத்து வீட்டில் வயதான இருவர் மட்டுமே. மரமேற ஆள் கிடைப்பதே கடினமாகிவிட்ட ஊரில், மிளகு பறிக்கவும் கோகோ உடைக்கவும் யாரைத் தேடுவது என்று கேட்கிறார். இதை மாற்றத்துக்கு அஞ்சும் மனம் என்று சொல்வது நியாயமல்ல. தோப்பில் தினமும் யார் இருப்பார்கள் என்பதைப் பார்த்தே அவர்கள் பயிரை முடிவு செய்கிறார்கள்.

அடுத்தது விலை. 2024இல் காய்ந்த கோகோ விதை கிலோ 1,000 ரூபாயைத் தாண்டியபோது பலர் ஆர்வம் காட்டினார்கள். அடுத்த ஆண்டே அது பாதிக்கும் கீழே இறங்கியது. ஒருவர் காயைக் கத்தியால் வெட்டாமல் கல்லில் தட்டி உடைத்து, வெள்ளைச் சதையோடு விதைகளை மரப்பெட்டியில் கொட்டி மூடிக் காட்டினார். ஆறு நாள் புளிக்க வேண்டும். கையை வைத்தால் பெட்டி சுடுகிறது. இத்தனை வேலைக்குப் பிறகு விலை யார் கையிலோ இருப்பதுதான் அவருக்குள்ள வருத்தம். அணில் தின்றது போக மிஞ்சுவதுதான் கணக்கு என்றும் சொன்னார்.

இருந்தாலும் தென்னையை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். 2016இல் இப்பகுதியில் கண்டறியப்பட்ட, ஓலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈயால் வந்த கரும்பூசணம் இன்னும் அடிமட்டைகளில் படிந்திருக்கிறது. கேரள வாடல் நோயால் மரங்களை வெட்டியவர்களும் இருக்கிறார்கள். வாழையைப் பற்றி மட்டும் இரு கருத்து நிலவுகிறது. வாழை இலையிலும் வெள்ளை ஈ அடைவதால் வேண்டாம் என்கிறார்கள் சிலர். அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணி பெருகுவதற்காகவே வாழையையும் கல்வாழையையும் வளர்க்கச் சொல்கிறது வேளாண் பரிந்துரை. இரண்டுமே உண்மை என்பதால், பூச்சிமருந்து அடித்து அந்த ஒட்டுண்ணியையும் கொன்றுவிடாத தோப்பில் மட்டுமே வாழை துணை நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கன்றுக்கு மானியம் தருவதைவிட, பத்திரி காயவைக்க ஊருக்கு ஒரு பொது உலர்த்தியும், நிலையாக வாங்க ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனமும் இருந்தால் இன்னும் பலர் இறங்குவார்கள் என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கத்துத் தோப்புக்காரரும் முழுமையாக மறுத்துவிடவில்லை. சாளையை ஒட்டிய ஒரு ஏக்கரில், வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும், வரும் ஆடியில் ஜாதிக்காய் ஒட்டுக்கன்று நடப்போவதாகச் சொல்லி, குழிகளுக்கு அளவுக்குச்சி அடித்திருக்கும் இடத்தைக் காட்டினார்.