காப்பீட்டு அட்டையும் அப்பாவின் நெஞ்சுவலியும்: நாங்கள் அலைந்த 41 நாள்

அப்பா வீட்டுக்கு வந்து ஆறு நாள் ஆகிறது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மாடிப்படி ஏறினால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், நேற்று சொல்லாமல் கொள்ளாமல் மேலே போய்க் காயப்போட்ட வேட்டியை எடுத்து வந்தார். பயத்தில் கத்திவிட்டேன். கத்தி முடித்ததும் அழுகை வந்தது.

நெஞ்சில் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் அலைந்த அலைச்சலில் பாதி, விவரம் தெரிந்த ஒருவர் முன்னாலேயே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

அப்பா முப்பத்தைந்து வருடம் விசைத்தறி ஓட்டியவர். தாலுகா மருத்துவமனையில் ஈசிஜி எடுத்தார்கள். ஆஞ்சியோ, அதாவது இதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எடுக்கும் படம், பார்க்க வேண்டும் என்று சொல்லி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டோடு நேராகப் போயிருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. ஆனால் அண்ணன் ஒரே பிடிவாதமாக, "முதலமைச்சர் காப்பீட்டில் ஐந்து லட்சம் வரைக்கும் உண்டு, தனியாரிலேயே பார்க்கலாம், அப்பாவைக் கொண்டுபோய்த் தரையில் படுக்கவைக்கச் சொல்கிறாயா?" என்றான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அட்டை எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. புதிதாக எடுப்பது என்றால் வருமானச் சான்று வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பதுதான் முன்பு விதி. 2022 ஜனவரியில் அதை 1,20,000 ஆக்கினார்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலருக்குப் பக்கத்து ஊரும் கூடுதல் பொறுப்பு. செவ்வாயும் வெள்ளியும்தான் எங்கள் ஊரில் இருப்பார். முதல் செவ்வாய், நில அளவைக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை பார்த்தபோது அண்ணனின் சம்பளச் சீட்டைக் கேட்டார். அடுத்த செவ்வாய் அதைக் கொடுத்து, அவர் பரிந்துரைத்து மேலே அனுப்பினால், அங்கே விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். காரணம், அப்பாவின் முன்னெழுத்து. ஆதாரில் 'சு', ஸ்மார்ட் கார்டில் 'எஸ்'. தாத்தா ஒருவர்தான், பெயரும் ஒன்றுதான். இதற்காக மறுபடி 60 ரூபாய், ஒரு உறுதிமொழிக் கடிதம், நான்கு நாள். இரவில் அப்பா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓர் எழுத்துக்காக நான்கு நாள் என்பது அந்த மேசையில் இருப்பவருக்கு ஒன்றுமில்லை.

பன்னிரண்டாம் நாள் சான்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனோம். குடும்பத்தார் புகைப்படம் எடுக்க நேரில் வர வேண்டும் என்பதால் அப்பாவையும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். கணினி முன்னால் ஒரு சிறு பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. ஸ்மார்ட் கார்டு எண்ணைத் தட்டினார், ஒன்றும் வரவில்லை. சான்றை வாங்கப் போனவர் கையை நிறுத்திவிட்டு, "அக்கா, பழைய ரேஷன் கார்டு எண் இருக்கிறதா? புத்தகமாக இருக்குமே, அது" என்றார்.

அண்ணிக்கு போன் போட்டேன். இரும்புப் பெட்டியின் அடியில், அம்மாவின் புடவைக்குக் கீழே அந்தப் பழுப்பு நிறப் புத்தகம் இருந்தது. அண்ணி ஒவ்வோர் எழுத்தாகப் படித்துச் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, அந்தப் பெண் தட்டினார். திரையில் எங்கள் குடும்பம் வந்து நின்றது. 2012-இல் திட்டம் தொடங்கிய புதிதில் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு எடுத்த படம். அப்பா, அண்ணன், நான், நடுவில் அம்மா. அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "நீங்கள் ஏற்கெனவே பதிவில் இருக்கிறீர்கள், சான்றே தேவையில்லை" என்று சொல்லி, அட்டை எண்ணை அச்செடுத்துக் கையில் கொடுத்தார் அந்தப் பெண். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வருமானச் சான்றுக்கு ஓடுவதற்கு முன்னால், வீட்டில் 2017-க்கு முந்தைய ரேஷன் புத்தகம் இருந்தால் தேடி எடுங்கள். பழைய எண்ணில் குடும்பம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். ஸ்மார்ட் கார்டு வந்ததும் எத்தனை வீட்டில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டார்களோ.

இனி, தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். வாசலில் திட்டத்தின் பலகை பெரிதாக மாட்டியிருக்கிறது. காப்பீட்டுக் கவுன்டர் லிஃப்டுக்குப் பின்னால், ஒரே ஒரு நாற்காலியோடு. அட்டையைக் காட்டியதும், "ஆஞ்சியோவுக்கு மட்டும் 14,500 கட்டிவிடுங்கள், அடைப்பு இருந்தால் மற்றதெல்லாம் காப்பீட்டில் வந்துவிடும்" என்றார் அங்கிருந்தவர். சீட்டுப் பணம் எடுத்துக் கட்டினோம். ரசீது கொடுத்தார்கள். இரண்டு ரத்தக் குழாயில் அடைப்பு, ஒன்றில் 90 சதவீதம். மருத்துவர் பொறுமையாகப் படம் போட்டு விளக்கினார். அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

அன்று மாலை கவுன்டர்காரர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். காப்பீட்டில் வைப்பது சாதாரண ஸ்டென்ட் (அடைப்பு இருக்கும் குழாயை விரித்துவைக்கும் சின்ன வலைக்குழாய்) என்றும், வெளிநாட்டு ஸ்டென்ட் வைத்தால்தான் நீடிக்கும் என்றும், இரண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சத்து இருபதாயிரம் ரொக்கமாகக் கொடுத்தால் மறுநாளே முடித்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அண்ணன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டான்.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மாமா மகனுக்கு போன் செய்தேன். அவன் சொல்லித்தான் தெரியும்: ஸ்டென்ட்டுக்கு மத்திய அரசு 2017 பிப்ரவரியிலேயே உச்சவிலை வைத்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் அப்போது 29,600 ரூபாய். பிறகு ஏறியிறங்கி, அதைவிடக் கூடியிருக்கிறது. உள்நாட்டுச் சரக்கோ வெளிநாட்டுச் சரக்கோ, எல்லாவற்றுக்கும் அதே உச்சவிலைதான். நூல் கடையில் கணக்கு எழுதுகிறவள் நான். இரண்டுக்கு எவ்வளவு என்று எனக்குக் கூட்டத் தெரியும். காப்பீட்டில் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, எங்களிடமும் ஸ்டென்ட்டின் உச்சவிலையைத் தாண்டிக் கேட்கிறார்கள்.

கவுன்டருக்குப் போய், "பணத்தைக் கட்டுகிறேன், ரசீது கொடுங்கள்" என்றேன். திட்டத்துக்கு வெளியே கட்டுவதற்கு ரசீது வராது என்றார். அங்கேயே நின்று 1800 425 3993 எண்ணுக்கு அழைத்தேன். திட்டத்தின் இலவச எண் அது. அட்டையின் எண், மருத்துவமனை, கேட்ட தொகை எல்லாம் சொன்னேன். படுக்கை, மருந்து, அறுவை, ஸ்டென்ட், சாப்பாடு எல்லாம் சிகிச்சைக்குக் காப்பீடு மொத்தமாகத் தரும் தொகைக்குள் அடங்கும், தனியாக ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள் என்று மறுமுனையில் சொல்லிப் புகார் எண் கொடுத்தார்கள். கையில் தாள் இல்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

கவுன்டர்காரரின் குரல் மாறிவிட்டது. "அரசு தரும் தொகை எங்களுக்குக் கட்டுப்படி ஆகாதம்மா. அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. திட்டத்துக்கான படுக்கை இப்போது காலி இல்லை, மூன்று வாரம் கழித்து வாருங்கள்" என்றார். அவர் சொன்னதில் உண்மையும் இருக்கலாம். கட்டுப்படி ஆகாத வேலைக்கு எதற்காக வாசலில் அவ்வளவு பெரிய பலகை என்று கேட்டேன். பதில் இல்லை. அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

மடித்து வைத்த தாலுகாச் சீட்டை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். இதய நோய்ப் பிரிவில் புறநோயாளிச் சீட்டுக்குக் காலை ஆறரைக்கே வரிசை. பதினொன்றரைக்கு உள்ளே போனோம். மருத்துவர் தனியார் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "சிடி எங்கே?" என்றார். ஆஞ்சியோவின் ஓடும் படம் பதிந்த தட்டு. எங்களுக்கு அறிக்கைத் தாளை மட்டும்தான் கொடுத்திருந்தார்கள். அது இல்லையென்றால் மறுபடி ஆஞ்சியோ எடுக்க வேண்டியிருக்கும், எழுபது வயதில் எதற்கு இரண்டாவது தடவை, போய் வாங்கி வாருங்கள் என்றார்.

மறுநாள் அந்தத் தனியார் வாசலில் மூன்று மணி நேரம் நின்றேன். சிடி தருவது வழக்கமில்லை என்றார்கள். பொறுப்பாளர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். பிறகு 500 ரூபாய் என்றார்கள். 14,500 ரூபாய் ரசீதை மேசைமேல் விரித்து வைத்து, உள்ளங்கையிலிருந்து நோட்டுக்கு மாற்றியிருந்த புகார் எண்ணையும் பக்கத்தில் வைத்தேன். "நாங்கள் காசு கட்டி எடுத்த படம். கொடுக்க முடியாது என்றால் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்." பத்து நிமிடத்தில் சிடி வந்தது. 500 ரூபாய் கேட்கவில்லை. ஆஞ்சியோ எங்கே எடுத்தாலும் வெளியே வரும்போதே சிடியைக் கையோடு வாங்கிவிடுங்கள். இது நான் ஒரு முழுநாள் வெயிலில் நின்று கற்றது.

அரசு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் இருந்த வார்டு மேலாளர் அட்டையை வாங்கிக் கணினியில் ஏற்றினார். இங்கேதான் எல்லாம் இலவசமாயிற்றே, அட்டை எதற்கு என்று கேட்டேன். "நீங்கள் அட்டையைக் காட்டினால் காப்பீட்டுப் பணம் இந்த மருத்துவமனைக்கு வரும். அதில்தான் கருவி வாங்குகிறோம், பழுது பார்க்கிறோம். காட்டாவிட்டாலும் வைத்தியம் நடக்கும், பணம் மட்டும் வராது" என்றார். இத்தனை வருடத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சிகிச்சைக்குக் காப்பீட்டின் முன் அனுமதி மறுநாளே வந்துவிட்டது.

வரிசை நீளம். ஆஞ்சியோ கூடத்தின் கருவி இடையில் பழுதாகி நான்கு நாள் நின்றது. பொறியாளர் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. வார்டில் இரவில் முப்பதுக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு இரண்டே செவிலியர். அதில் ஒருவர் ஒப்பந்தத்தில் இருப்பவர். ஒரு நிமிடம் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. துப்புரவு வேலை முழுக்கத் தனியார் ஒப்பந்தம். கழிப்பறையைக் கழுவிய அக்காவுக்கு அந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை என்றார். நான் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தேன். அப்பாவுக்குக் கட்டில் கிடைத்தது.

அங்கே படுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன். 2022-இல் திட்டத்தைப் புதுப்பித்தபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம் என்று பேப்பரில் வந்தது. 1 கோடியே 37 லட்சம் குடும்பம். பெருக்கினால் வருடத்துக்கு ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது. எல்லாம் அரசு கட்டும் பணம். காப்பீட்டு நிறுவனமும் பொதுத்துறைதான். ஆனால் அந்தப் பணம் கடைசியில் லிஃப்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் கைக்குப் போய், அவர் ரசீது இல்லாமல் இன்னும் ஒரு லட்சம் கேட்கும்போது, இங்கே பழுதான கருவிக்கு நான்கு நாள் காத்திருக்கிறோம். இரவு வார்டுக்கு இன்னும் இரண்டு செவிலியரை நிரந்தரமாகப் போட முடியாத அளவுக்கு நம்மிடம் பணம் இல்லையா? எனக்கு இதை ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. காப்பீடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அந்த அட்டை இல்லாமல் எத்தனை ஏழைகள் செத்திருப்பார்கள் என்று தெரியும். அந்தப் பணத்தில் பெரும் பங்கு அரசு வார்டுக்கு வர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

நாற்பத்தோராம் நாள் காலை அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றே கால் மணி நேரம். இரண்டு ஸ்டென்ட். வெளியே வந்த மருத்துவர் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த நோயாளியின் கோப்பை எடுத்துக்கொண்டார். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பில் என்று ஒன்றும் இல்லை. ஒரு மாதத்துக்கான மாத்திரை, 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டைகளில். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று மருந்தாளுநர் அப்பாவிடம் இரண்டு முறை சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லவைத்தார்.

14,500 ரூபாயைத் திரும்பக் கேட்டு எழுத்திலும் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீதின் நகல், சிடியின் நகல், கவுன்டரில் பேசிய தேதி எல்லாம் இணைத்து, ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்துவிட்டது, பதில் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடி அழைக்கப் போகிறேன்.