அக்கா வீட்டார் வருகிறார்கள்

ஆகஸ்ட் விடுமுறைக்கு அக்கா குடும்பம் வத்தளையிலிருந்து மட்டக்களப்புக்கு வருகிறது. வேன் பிடித்தால் செலவு தாங்காது, கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து இரவு ரயிலில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் தூங்கியபடியே வந்துவிடுவார்கள். தங்குவது எங்கள் வீட்டில்.

பாசிக்குடா கடற்கரையைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன். கடலோர ஹோட்டல்கள் நம் கைக்கு எட்டாது, ஆனால் கடல் எல்லாருக்கும் பொது. விடியவே வாழைச்சேனை பஸ், அங்கிருந்து ஆட்டோ. பிட்டும் மீன் பொரியலும் கட்டிக்கொண்டு போவோம். வெகுதூரம் ஆழமில்லாத கடல் என்றாலும் சின்னவனின் கையை விடமாட்டேன். பத்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கச்சான் என்கிற சூடான காற்று அடித்தால் அந்த வெக்கையில் நிற்க முடியாது.

மாலையில் வாவிக்கு மேலே உள்ள கல்லடிப் பாலம், காசே தேவையில்லை. சரி, ஒன்றுக்கு மட்டும் செலவழிக்கப் போகிறேன். சின்ன வயதில் அப்பா எங்களை நிலா இரவில் அந்த வாவியில் தோணியில் கூட்டிப்போய், துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, மறுமுனையைக் காதில் வைத்து, தண்ணீருக்கடியிலிருந்து வரும் ‘பாடும் மீன்’ ஓசையைக் கேட்கச் சொன்னார். அக்காவின் பிள்ளைகளும் கேட்க வேண்டும். பௌர்ணமி இரவுக்கு ஒரு தோணிக்காரரிடம் பேசி வைத்திருக்கிறேன்.