கரையாத மஞ்சள் தூள்

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஒரு நாள் துணைநொதியம் கியூ10 கரைசல் தயாரிக்கச் சொன்னார்கள்; உயிர்க்கலம் சக்தி ஆக்க உதவும் ஒரு மூலக்கூறு அது. எதில் கரைப்பது என்று நான் கேட்கவில்லை. தண்ணீரில் செய்த தாங்கற் கரைசலில் போட்டுக் குலுக்கினேன். ஆரஞ்சு கலந்த மஞ்சள் தூள் மேலே மிதந்தது, கொஞ்சம் குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் குலுக்கியும் கீழே தண்ணீர் தெளிவாகவே நின்றது.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தார். "எண்ணெய்ச் சாமானைத் தண்ணிக்குள்ள போட்டா எப்பிடித் தம்பி கரையும்? எக்சேனை எடும்."

எக்சேன் எண்ணெய்ப் பொருட்களைக் கரைக்கும் ஒரு திரவம். அது பட்டதும் தூள் கரைந்து மஞ்சளாகப் பரவியது. சரி, வேலை முடிந்தது. ஆனால் பஸ்ஸில் வீடு திரும்பும்போது ஒரு கேள்வி விடவில்லை: உயிர்க்கலத்துக்குள் எக்சேன் இல்லையே, அங்கே இதை யார் கையாளுகிறார்கள்?

மனிதரில் இந்த மூலக்கூறின் வாலில் பத்து ஐசோப்பிரீன் அலகுகள், அதாவது 50 காபன் அணுக்கள். மதுவத்தில் ஆறு அலகுகள்தான். இவ்வளவு நீண்ட வாலோடு அது, கலத்துக்குச் சக்தி ஆக்கும் இழைமணியின் உள்மென்சவ்வுக்குள் புதைந்து கிடந்து இலத்திரன்களைக் கடத்துகிறது. 1957இல் பிரெடெரிக் கிரேன் மாட்டு இதயத்து இழைமணிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். கலம் இந்த மூலக்கூறை ஆக்கும்போது, அதன் தலையிலுள்ள வளையத்தைத்தான் நொதியங்கள் படிப்படியாகத் திருத்த வேண்டும். மென்சவ்வுக்குள் கிடக்கும் தலை நொதியத்துக்கு எப்படி எட்டும்?

பல வருடம் கழித்து, இந்தத் துணைநொதியத்தை ஆக்க உதவும் கோகியூ9 என்ற புரதத்தைப் பற்றி வாசித்தபோது அன்றைய குழாய் கண்முன் வந்தது. அதற்கென்று எந்த வேதிவினையும் இல்லை. அதன் ஒரு சுருளின் ஒரு பக்கம் எண்ணெய்த் தன்மையானது, மற்றப் பக்கம் நீரை விரும்புவது. அந்தச் சுருளால் மென்சவ்வில் படிகிறது. நடுவில் இலிப்பிட்டு, அதாவது கொழுப்புத் தன்மையான மூலக்கூறு, புகுந்திருக்கக்கூடிய ஒரு குழி. 2014இல் வெளியான அமைப்பைப் பார்த்தால், பக்டீரியாக்களில் டி.என்.ஏ.யைப் பிடிக்கும் ஒரு புரதக் குடும்பத்தின் சாயல் அப்படியே தெரிகிறது. இது பிடிப்பதோ இலிப்பிட்டை! 2022இல் வந்த அமைப்பில் நாலு கோகியூ9உம் நாலு கோகியூ7உம் கைகோத்து நிற்கின்றன. வளையத்தில் ஐதரொட்சில் என்ற சிறு அணுக்கூட்டத்தைச் சேர்க்கும் நொதியம் கோகியூ7. மெதைல் என்ற இன்னொரு அணுக்கூட்டத்தைக் கடைசியில் கோகியூ3 என்ற நொதியம் சேர்க்கும். கோகியூ9 பழுதான எலிகளில் கோகியூ7இன் அளவும் விழுந்துவிடுகிறது, அரைகுறைத் துணைநொதியம் தேங்குகிறது. மனிதக் குழந்தைகளிலும் இந்தப் பழுது கடும் நோயாக வருகிறது.

துணைநொதியம் உருவாகும் படிகளைக் காட்டும் படங்களில் இந்த இடத்தில் ஓர் அம்புக்குறிதான் இருக்கும். ஒரு மூலக்கூறைத் தூக்கிப் பிடித்து நீட்டுகிற வேலை முழுவதும் அந்த அம்புக்குள் ஒளிந்துவிடுகிறது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளிடம், வெளிச்சம் படாமல் தாள் சுற்றிய அந்தப் போத்தலை எடுத்து முதலில் தண்ணீரைத்தான் ஊற்றச் சொல்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை குழாயை உயர்த்திப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சேர், அப்ப இழைமணிக்குள்ள ஆர் எக்சேன் ஊத்துறது?" கரும்பலகையிலிருந்த அம்பை அழித்துவிட்டு, அந்த இடத்தில் குழியுள்ள ஒரு புரதத்தை வரைந்தேன்.