ஆறடிக்கு மூணடி

அக்டோபர் 10

நேற்றோடு மூன்று கீமோ முடிந்தது. இன்னும் மூன்று. வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா தூங்கிக்கொண்டே இருக்கிறாள். அவள் ஜன்னலுக்கு வெளியே, வடக்குப் பக்கம், வீட்டுக்கும் வேம்புக்கும் நடுவில், வெறும் மண்ணும் உடைந்த ஓடும் கிடக்கிறது. அங்கே பூச்செடி வைக்கணும். குட்டையாக. ஒரு பருவம் பூத்துவிட்டுச் செத்துப்போகிற ஜாதி வேண்டாம். விளக்குமாற்றை மண்ணில் நட்டுவிட்டு வந்து, அம்மா பாத்ரூம் போன நேரத்தில் அவள் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். இரண்டடிக்கு மேல் போனால் கேட் தாழ்ப்பாள் மறைகிறது. அது மறையக் கூடாது.

அக்டோபர் 11

இடத்தை அளந்தேன். ஆறடிக்கு மூணடி. நோட்டில் எழுதின பிறகுதான் உறைத்தது. ஒரு செங்கல்லைத் தள்ளி வைத்து ஏழடியாக்கினேன்.

அக்டோபர் 12

இன்றைக்கு வெயிலுக்குக் காவல். ஏழேகாலுக்கு முதல் கீற்று. ஒன்பதே முக்காலுக்கெல்லாம் வேப்ப நிழல் ஏறிவிட்டது. அப்புறம் இலை இடுக்கில் விழுகிற சில்லறை வெளிச்சம்தான். மதியம் வீட்டு நிழலும் சேர்ந்துகொள்கிறது. மொத்தம் இரண்டரை மணி நேரம். இதில் எது பூக்கும்?

அக்டோபர் 13

ரத்தம் எடுக்க வந்த பையன் நரம்பைத் தேடியே கால் மணி நேரம். கடைசியில் புறங்கையில்.

அக்டோபர் 16

நர்சரி. டேபிள் ரோஸ் தட்டுத் தட்டாகப் பூத்துக் கிடந்தது, ஆசையாக இருந்தது. "நெழல்ல வெறும் தண்டுதான் நீளும்க்கா" என்றார் நர்சரிக்காரர். டிசம்பர் பூ நிழலைத் தாங்கும், ஆனால் மூன்றடிக்கு மேல் போகும். தாழ்ப்பாள். மழை லில்லி குட்டைதான், ஆனால் மழை பெய்தால் நாலு நாள் பூத்துவிட்டுப் பிறகு புல் மாதிரி நிற்கும். வெடேலியாவைத் தலையில் கட்டப் பார்த்தார். ஒரு கணு மண்ணில் பட்டால் போதும், பக்கத்துச் செடியையெல்லாம் மூடிவிடும். அப்படிக் கட்டுக்கு அடங்காமல் பரவுகிற எதையும் இப்போது வீட்டுக்குள் விட எனக்கு மனசில்லை.

வாசல் பக்கம் நித்திய கல்யாணி. ரோஸ், வெள்ளை. ஒன்றும் வாங்காமல் வந்தேன்.

அக்டோபர் 17

அம்மாவிடம் ஒவ்வொரு பேராகச் சொன்னேன். நித்திய கல்யாணி என்றதும், "சுடுகாட்டு மல்லியா? வீட்டு வாசல்ல அதையா வைப்பாக?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிற வின்கிரிஸ்டின் அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. ஒரு தடவைக்கு இரண்டே மில்லிகிராம். மூன்று தடவை அவள் உடம்புக்குள் போயாகிவிட்டது. சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அந்தச் செடிக்கு எப்படியும் இந்த வெயில் போதாது.

அக்டோபர் 21

எதிர்வீட்டு அத்தை கேட்டுக்கு வெளியே நின்றே பேசினார். "இப்ப பாத்து நெழல்னு நெனைக்காத தாயி. சித்திரை பொறந்தா சூரியன் அங்கிட்டு வடக்காமச் சாஞ்சிரும். உச்சி வெயில் சுள்ளுன்னு இங்கிட்டுத்தான் அடிக்கும்."

சரிதான். மதுரைக்கு ஏப்ரல் நடுவில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதன் பிறகு ஆவணி வரைக்கும் மதிய வெயில் வடக்கிலிருந்துதான். வீட்டு நிழல் அப்போது உதவாது. மார்கழியில் நிழல், சித்திரையில் வெயில், இரண்டையும் தாங்குகிற செடி வேண்டும்.

அக்டோபர் 22

சித்திரைக்கு இன்னும் ஆறு மாசம்.

அக்டோபர் 25

கனகாம்பரம்! இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? நம்மூர்ச் செடி. அரை நிழலில் நன்றாக வரும். கவாத்து பண்ணிக்கொண்டே இருந்தால் இரண்டடிக்குள் அடக்கலாம். தண்ணீர் விட்டால் வெயிலையும் தாங்கும். வாசனை கிடையாது; மருந்துக்குப் பிறகு அம்மாவுக்கு எந்த வாசனையும் ஆகவில்லை, மல்லிகைகூட. கேட்டதும் அம்மா சிரித்தாள். "வையி. தலைல வைக்கத்தான் ஒண்ணுமில்ல" என்று மண்டையைத் தடவிக் காட்டினாள்.

அக்டோபர் 30

நாலாவது.

நவம்பர் 3

டெல்லி கனகாம்பரம் ஏழு வாங்கினேன். இது விதை வைக்காது, குச்சி வெட்டித்தான் நடணும். தோண்டினால் அரையடிக்குள் வேப்ப வேர், கடப்பாரை துள்ளுகிறது. வேரில்லாத இடமாகத் தேடித் தேடி ஏழு குழி. குழிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கனகாம்பரத்துக்கு வேரில் நூற்புழுதான் எமன். அத்தை தன் பங்குக்கு நாட்டுக் கனகாம்பரம் ஒன்றைத் தொட்டியோடு தூக்கி வந்தார். பூ முடிந்து காய்ந்த கதிர்கள்.

அம்மா மண்ணைத் தொடக் கூடாது. பூவும் அறைக்குள் வரக் கூடாது. ஜன்னலுக்குள்ளிருந்து, "அந்த மூணாவது சாஞ்சிருக்கு பாரு" என்று மேஸ்திரி வேலை.

நவம்பர் 5

வாழை நார் கேட்டாள். பூ இல்லாமல் எதற்கு என்றேன். "சும்மா குடு."

வெறும் நாரில் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே முழம் முழமாகக் கட்டுவாள். இன்றைக்கு நார் விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை அவளுக்கு. கட்டை விரலைக் கண்ணால் பார்த்து, நகர்த்தி, சுருக்குக்குள் விட்டு, இழுத்தால் அவிழ்ந்துவிடுகிறது. நாலைந்து தடவை. நான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். பால் இல்லை.

விரல் மரத்துப்போவது அந்த மருந்தால்தான். சுடுகாட்டு மல்லி.

நவம்பர் 10

வெள்ளையணு இறங்கிவிட்டது. ஊசி போடச் சொன்னார்கள்.

நவம்பர் 12

தீபாவளி. யாரும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வந்தார்கள். வரவேண்டியவன் வரவில்லை.

நவம்பர் 15

ராத்திரி மழை. காலையில் தொட்டியிலிருந்த காய்ந்த கதிர் நனைந்து படபடவென்று வெடித்தது. "இன்னுமா வெடி போடுறாக?" என்றாள் அம்மா. கூப்பிட்டுக் காட்டினேன். விதை ஜன்னல் கம்பியில் வந்து பட்டதும் சின்னப் பிள்ளை மாதிரி ஒரு சத்தம். ஏழில் ஒன்று வாடிவிட்டது. எனக்கு எரிச்சல், அவள் கவனிக்கவே இல்லை.

நவம்பர் 17

மூன்றாவதில் கதிர். அடியில் இரண்டு பூ விரிந்திருக்கிறது, மீதி மேலே பச்சையாக. முதல் கதிரைக் கிள்ளிவிட்டால்தான் செடி பக்கக் கிளை விட்டுப் புதராகும் என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். கை வைத்துவிட்டேன். "கிள்ளாத" என்று உள்ளேயிருந்து குரல்.

நவம்பர் 19

நாளைக்கு ஐந்தாவது. ஆறு மணிக்கு டோக்கன். தண்ணீர் விட அத்தையிடம் சொல்லியாச்சு. பச்சை வலை மீட்டர் என்ன விலை என்று விசாரிக்கணும், சித்திரைக்கு. நாலு மீட்டர் போதும்.